டாங்க் ரோட்டில் போட்ட கோடு

செவ்வாய்க்கிழமை காலையிலேயே வடகாற்று பிடித்துக்கொண்டது. ஜூன் மாதத்து வடகாற்று அடித்தால் குவார்ட்ஸ் பெண்ட் ஊரில் யாரும் புல்வெட்டி இயந்திரத்தை வெளியில் எடுக்க மாட்டார்கள். பிளேடு ஒரு கல்லில் பட்டுப் பொறி பறந்தால் போதும், மலை போய்விடும். ஒடீலியா சில்வேராவிடம் அந்த இயந்திரமே கிடையாது. நாற்பத்தெட்டு ஆடுகள் இருந்தன. சரிவுகளில் மண்டிக் கிடக்கும் புல்லையும் புதரையும் கோடைக்கு முன்னால் மேய்த்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. சர்ச்சோ பள்ளிக்கூடமோ கல்லறைத் தோட்டமோ, யார் கூப்பிட்டாலும் ஆட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவாள். மின்வேலி வலையைக் கட்டித் தின்னவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு வருவாள். ஊரில் பாதிச் சரிவை மொட்டையடித்துக் கொடுத்தவள் வீட்டையே சிவப்பில் போட்டுவிட்டார்களே என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

சிவப்பு என்றால் மேப்பில். மாநிலத் தீயணைப்புத் துறை அனுப்பிய தீ அபாய வரைபடம் மூன்று மாதமாகத் தபால் ஆபீஸ் சுவரில் தொங்கியது. மஞ்சள் என்றால் ஓரளவு அபாயம், ஆரஞ்சு என்றால் அதிகம், சிவப்பு என்றால் மிக அதிகம். ஊரே வந்து அவரவர் வீட்டை விரலால் தடவிக் கண்டுபிடித்து, நிறத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டது, இல்லையென்றால் திட்டியது. விரல்பட்டு விரல்பட்டு மேப்பின் நடுப்பகுதி அழுக்கேறிப் போயிற்று. பக்கத்திலேயே இரண்டு தாள் அறிவிப்பும் ஒட்டியிருந்தது. அதில் ஒரு விரல் பட்ட அடையாளம்கூட இல்லை.

சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இருந்த கோடு டாங்க் ரோட்டின் மத்தியில் நூல் பிடித்ததுபோல் ஓடியது. கிழக்கே ஒடீலியாவின் வீடு, சிவப்பு. மேற்கே அவள் தம்பி லியோனலின் வீடு, மஞ்சள். இரண்டு வாசலுக்கும் இடையே தொண்ணூறு தப்படி இருக்கும்.

மத்தியானம் தம்பி வீட்டில் சாப்பாடு. லியோனலின் மனைவி ஜோலீன் காரமான லிங்வீசா சாசேஜைப் போட்டு பீன்ஸ் வேகவைத்திருந்தாள். லியோனல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மூக்கில் குழாய், காலடியில் ஆக்ஸிஜன் மெஷின், விட்டு விட்டுப் புஸ் என்றது. இருபத்திரண்டு வருஷம் காட்டுத்தீக்கு முன்னால் புல்டோசர் ஓட்டி, தீ தாண்டாமலிருக்க மண்கோடு போட்டவன். ஐம்பது வயதில் மாடிப்படி ஏற மூன்று தடவை நிற்கிறான். இன்னொரு புகைக் கோடையை இந்த மலையில் கழித்தால் அடுத்தது ஆஸ்பத்திரிப் படுக்கைதான், கடற்கரைப் பக்கம் போய்விடு என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வீட்டை விலை பேசியாயிற்று. சான் ஹோசேயிலிருந்து ஒரு இளம் ஜோடி வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வருகிறது. அந்தப் பெண் மூன்று தடவை கேட்டாளாம், வீடு மஞ்சளில்தானே இருக்கிறது என்று. அந்தப் பணம் வந்தால்தான் ஜோலீன் கடலோர ஊரான ஃபோர்ட் பிராகில் பார்த்து வைத்திருக்கும் சின்ன வீட்டுக்குப் போக முடியும்.

"மனா, சாயங்காலம் நீ பேசியேதான் ஆகணுமா?" என்றான் லியோனல். பாட்டன் அசோர் தீவிலிருந்து கப்பலேறி வந்தவர். அந்த வீட்டு வழக்கப்படி அக்காவை மனா என்றுதான் கூப்பிடுவான்.

"பேர் எழுதிக் குடுத்தாச்சு. மூணாவது ஆள் நான்."

"வெள்ளிக்கிழமை போகட்டுமேனு பார்த்தேன்."

"கவுன்சில் உனக்காக வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்குமா? இன்னைக்கு மேப்புக்கு ஓட்டு. உன் வீட்டைப் பத்தி நான் வாயே திறக்கப் போறதில்ல. என் வீட்டையும் உன் வீடு மாதிரி மஞ்சளாக்குங்கனு கேட்கப்போறேன். அதுல உனக்கென்ன குறைஞ்சு போகுது?"

ஜோலீன் கரண்டியைக் கீழே வைத்தாள். "ரோட்டைப் பத்திப் பேசினா ரெண்டு பக்கத்தையும் பேசின மாதிரிதான், ஒடீலியா."

"உனக்கு வீடு விக்குமாங்கிற கவலை. எனக்கு வீடே நிக்குமாங்கிற கவலை. ஜூலை ஒண்ணோட இன்சூரன்ஸ் கிடையாதுனு லெட்டர் போட்டுட்டான். போன் பண்ணா, நாங்க அந்த மேப்பைப் பார்க்கிறதே இல்ல மேடம், எங்க கணக்கு வேறங்கிறா ஒரு பொண்ணு."

"அப்படின்னா மேப்பை மாத்தி என்ன பிரயோஜனம்?"

"அவ பொய் சொல்றா. எந்தக் கம்பெனி உண்மை சொல்லியிருக்கு?"

"விடு ஜோலீன்," என்று லியோனல் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அது அடங்கும்வரை இரண்டு பெண்களும் அவனைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் ஒடீலியாவின் போன் அடித்தது. மென்டசீனோ கடற்கரைப் பூங்காவின் அதிகாரி. ஜூலையிலிருந்து அக்டோபர்வரை அங்கே கடலோர மேட்டில் ஆடு மேய்க்க ஆள் வேண்டும், தங்க ஒரு டிரெய்லர் வீடு தருகிறோம் என்று வருஷா வருஷம் கூப்பிடுகிறவர். இந்த வருஷம் இது இரண்டாவது தடவை.

"அய்யா, கோடையில நான் வீட்டை விட்டு நகர்றதில்ல," என்று அவள் போனை வைத்தாள்.

"மூடுபனியில உட்கார்ந்து சம்பளம் வாங்கக் கசக்குதா?" என்றான் லியோனல்.

"தீ வந்தா பம்பை யாரு போடுவா? அது என் கைக்குத்தான் ஸ்டார்ட் ஆகும்."

அது உண்மைதான். ஆட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெட்ரோல் பம்பும் இருநூறு அடிக் குழாயும் வைத்திருந்தாள். கயிற்றை எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் கணவன் ஊரை விட்டுப் போனபிறகு பதினோரு கோடைகளாக அவள் ஒருநாள்கூட வெளியே தங்கியதில்லை.

ஆறு மணிக்கு முன்னாள் படைவீரர் மண்டபம் நிறைந்துவிட்டது. வெயில் இன்னும் மேற்கு ஜன்னலில் இருந்தது. கதவைத் திறந்தால் காற்று காகிதங்களை அள்ளிக்கொண்டு போனது, மூடினால் வேர்த்துக் கொட்டியது. மூடியே வைத்தார்கள். மேடையில் மேயரையும் சேர்த்துக் கவுன்சிலர்கள் ஐந்து பேர். ஓரத்தில் கிளார்க் டீனா, அவள் முன்னால் மூன்று விளக்கு வைத்த சின்னப் பெட்டி. பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் உட்கார வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிஷம்.

முதலில் பேசிய டுவைட் பர்செல் மேப்பை விட்டுவிட்டு, தன் வேலியைப் பக்கத்து வீட்டுக்காரன் நகர்த்திய கதையைச் சொன்னார். அவர் எந்தக் கூட்டத்திலும் அதைத்தான் சொல்வார். இரண்டாவது ஆள், மேப்பை வரைந்தவர்கள் இந்த ஊரைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்றார். கைதட்டல் எழுந்தது. மூன்றாவதாக ஒடீலியாவின் பெயரை டீனா கூப்பிட்டாள். போகிற வழியில் கடைசி வரிசையில் லியோனலும் ஜோலீனும் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள். வருவான் என்று அவள் நினைக்கவில்லை.

"என் வீடு உங்களுக்கெல்லாம் தெரியும்," என்று ஆரம்பித்தாள். "என் சரிவுல ஒரு புல் பார்க்க முடியாது. ஆடு நக்கி வச்சிருக்கு. ஆனா மேப்புல சிவப்பு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மஞ்சள். ஏன்னா கோடு ரோட்டுல போகுது. ரோடு என்ன சுவரா? அதே காட்டு ஓட்ஸ் புல்லு, அதே காத்து, அதே சரிவு. எண்பத்தெட்டு செப்டம்பர்ல தீ வந்தப்ப எனக்குப் பதினாறு வயசு. எங்க அப்பா மண்வெட்டியோட நின்னாரு. தண்ணித் தொட்டிகிட்ட தீ ஒரே எட்டுல ரோட்டைத் தாண்டுச்சு. அந்தப் பக்கத்துக் கொட்டகை பத்தி எரிஞ்சதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன். தீ பார்க்காத கோட்டை நீங்க எப்படிப் போடலாம்? ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். ரெண்டையும் ஒரே மாதிரி வைங்க."

மஞ்சள் விளக்கு எரிவதற்குள் முடித்துவிட்டாள். அன்றைக்குக் கிடைத்த கைதட்டலிலேயே அதுதான் பெரிது. ஒடீலியாவுக்கு முகம் சூடாகிவிட்டது, சந்தோஷமாகவும் இருந்தது. மைக்கை விட்டுத் திரும்பியவளை மேடையிலிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

"ஒடீலியா, கொஞ்சம் நில்லு."

மேக்ஸின் ஓர்டன். முப்பது வருஷம் ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர், இப்போது கவுன்சிலர். அந்த ஊரில் அறிவிப்பை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் புரட்டினாள்.

"நீ சொன்னதுல நியாயம் இருக்கு. ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்னு எனக்கும் படுது."

ஒடீலியா கடைசி வரிசையைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னா, மாநிலம் போட்ட நிறத்தைக் குறைக்க இந்தக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்ல. ஏழாவது பத்தி. கூட்டலாம், குறைக்க முடியாது. உன் வீட்டை மஞ்சளாக்க முடியாது. ஒரே மாதிரி வைக்கணும்னா அந்தப் பக்கத்தைச் சிவப்பாக்கலாம்."

மண்டபத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒடீலியாவுக்குக் கேட்டது புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் மைக்குக்கே திரும்பினாள்.

"நான் அதைக் கேட்கலையே, மேக்ஸின்."

"நீ கேட்டதைத்தான் சொல்றேன். வெர்ன், நீங்க என்ன சொல்றீங்க?"

தீயணைப்புத் தலைவர் வெர்ன் டகெட் சுவரோரம் கைகட்டி நின்றிருந்தார். "சரிவு ஒண்ணு, புல்லு ஒண்ணு. எண்பத்தெட்டுல நான் இந்த ஊர்லயே இல்ல. பார்த்தவங்க யாராவது தீ ரோட்டைத் தாண்டுச்சுனு சொன்னா நான் சிவப்புனுதான் எழுதுவேன்."

"பார்த்தவ இதோ நிக்கிறாளே," என்றாள் மேக்ஸின். "ஒடீலியா, தாண்டுச்சா?"

ஒடீலியா மைக்கைப் பிடித்துக்கொண்டாள். அவள் பொய் சொல்லிப் பழகாதவள். ஆட்டுக்கூலி பேசும்போதுகூட முதலில் சொன்ன விலையில் நிற்கிறவள். இப்போது சொல்லியே தீர வேண்டும் என்று தெரிந்தது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல."

யாரோ சிரித்தார்கள்.

"அப்ப ஒரே புகை. தாண்டின மாதிரி இருந்துச்சு. தாண்டாமலும் இருந்திருக்கலாம். பதினாறு வயசுல என்ன தெரியும்?"

"இப்பத்தானே ரெண்டு கண்ணால பார்த்தேன்னு சொன்னே?" என்றாள் மேக்ஸின்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

மேயர், குறிப்பெடுத்துக்கொண்டிருந்த டீனாவின் பக்கம் திரும்பினார். டீனாவும் ஒடீலியாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். டீனா தலை நிமிராமல் வாசித்தாள். "'தண்ணித் தொட்டிகிட்ட தீ ஒரே எட்டுல ரோட்டைத் தாண்டுச்சு. அந்தப் பக்கத்துக் கொட்டகை பத்தி எரிஞ்சதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.' அப்படித்தான் குறிச்சிருக்கேன், ஒடீலியா. மன்னிச்சுக்கோ."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கொட்டகை இருந்த இடத்தில்தான் லியோனலின் சமையலறை இருக்கிறது என்று மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக் கையெழுத்தும் அவர்களுக்குத் தெரியும். கடைசி வரிசையில் ஆக்ஸிஜன் மெஷின் புஸ் என்றது முன்வரிசைவரை கேட்டது.

"மேக்ஸின், அவனுக்கு நுரையீரல்..." என்று ஒடீலியா குரலைத் தாழ்த்தினாள். மைக்கில் அது பெரிதாகவே கேட்டது. "கொஞ்சம் பார்த்து."

மேக்ஸின் கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றியதும் கிழவியாகத் தெரிந்தாள். "லியோனலுக்கு ஒண்ணாம் வாய்ப்பாடு சொல்லிக்குடுத்தவ நான். எனக்கு மட்டும் கல்லு மனசா? ஆனா அந்த வீட்டுக்கு வர்ற ஜோடிக்கு ரெண்டு சின்னப் பொண்ணுங்க இருக்குதாம். அவங்க படுக்கிற ரூம் எங்க இருக்குனு அவங்களுக்கும் தெரியணும் இல்ல?"

ஒடீலியா டீனாவின் பெட்டியைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எப்போது எரிந்தது என்று அவள் கவனிக்கவில்லை. திருத்தத்தோடு ஓட்டுக்கு விட்டார்கள். மூன்றுக்கு இரண்டு. இரண்டு வாரத்தில் தீர்மானத்தை இன்னொரு தடவை வாசிப்பார்கள், அது வெறும் சடங்கு. டாங்க் ரோட்டின் இரண்டு பக்கமும் சிவப்பாயிற்று.

வண்டி நிறுத்துமிடத்தில் காற்று ஜோலீனின் முடியை முகத்தில் அடித்தது. அவள் ஒதுக்கவில்லை.

"சந்தோஷமா? ரெண்டு பக்கமும் ஒண்ணாக்கிட்டே."

"எனக்குத் தெரியாது ஜோலீன். சத்தியமா அந்த ஏழாவது பத்தி எனக்குத் தெரியாது."

"மூணு மாசமா சுவத்துல தொங்குச்சு. தினமும் தபால் எடுக்கப் போறவதானே நீ? உன் வீட்டு நிறத்தைப் பார்த்தே, அதோட வந்துட்டே."

"நீ படிச்சியா?"

ஜோலீனும் படிக்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. "இவன் செத்தா உன் சரிவுல ஒரு புல்லு இல்லைனு கல்லறையில எழுதி வை," என்று சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறிக் கதவை அறைந்தாள்.

லியோனல் மெஷினை இழுத்துக்கொண்டு மெதுவாக வந்தான். அக்காவின் பக்கத்தில் வந்து நின்று, மூச்சு வாங்கி முடியும்வரை பேசவில்லை. ஒடீலியா அழுதுகொண்டிருந்தாள். ஊரார் பார்த்தும் பார்க்காதது மாதிரி கடந்து போனார்கள்.

"மனா, என் ஆயுசுல நீ பொய் சொல்லி நான் பார்த்ததே இல்ல. எனக்காக ஒரே ஒரு தடவை சொன்னே."

"சொல்லி என்ன ஆச்சு?"

"அதையும் ஒழுங்காச் சொல்லத் தெரியல உனக்கு. 'தாண்டாமலும் இருந்திருக்கலாம்'. அட, என்னைக் கேட்டிருந்தா நான் அழகா ஒண்ணு எழுதிக் குடுத்திருப்பேனே."

அவன் சிரிக்க முயன்று இருமினான். ஒடீலியா அவன் முதுகைப் பிடித்துக்கொண்டாள். சட்டைக்குள் எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது.

"அந்தக் கொட்டகையில என் கன்னுக்குட்டி இருந்துச்சு," என்றான் இருமல் நின்றபிறகு. "அந்தப் பொண்ணு மூணு தடவை கேட்டப்பவும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. மஞ்சள்தாங்கனு சொல்லிட்டேன்."

மறுநாள் பத்து மணிக்குச் சான் ஹோசேக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். சேதியைச் சொல்ல ஜோலீன் ரோட்டைக் கடந்து வரவில்லை. சமையலறையிலிருந்து போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வியாழக்கிழமை காற்று நின்றது. அது நின்றபிறகு வடக்கே எங்கோ பற்றியிருந்த தீயின் புகை மெல்ல இறங்கிப் பள்ளத்தாக்கில் படுத்துக்கொண்டது. சூரியன் ஆரஞ்சு நிறத்தில் வந்தது. ஆடுகள் தும்மின. ஒடீலியா மின்வேலி வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஜன்னல் மூடியிருந்தும் இருமல் சத்தம் கேட்டது. ஒரு இருமலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அவள் தன்னை அறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தாள். அது குறைந்துகொண்டே வந்தது.

சாயங்காலம் வழக்கம்போலப் பம்பைச் சோதிக்கப் போனாள். கயிற்றைப் பாதி இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பதினோரு கோடையாக இந்தக் கயிறு. இந்தக் கயிற்றுக்காக எத்தனை பேரிடம் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். கயிற்றை விட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"அய்யா, நான்தான், ஆட்டுக்கார ஒடீலியா. அந்த வேலை இன்னும் இருக்கா?... ஜூலை வேண்டாம், இந்த வாரமே வர்றேன். அந்த டிரெய்லர்ல எத்தனை பேர் படுக்கலாம்?... மூணு பேர். ஒருத்தனுக்கு மெஷின் ஓட கரண்ட் வேணும். இல்லைங்க, அவன் ஆடு மேய்க்க மாட்டான். கடலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பான். அக்டோபர் மழை வர்ற வரைக்கும்."

பிறகு ரோட்டைக் கடந்து போய்க் கதவைத் தட்டினாள். ஜோலீன்தான் திறந்தாள். ஒடீலியா விஷயத்தைச் சொன்னாள். ஜோலீன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"உன் வீடு?" என்றாள்.

"இருந்தா இருக்கும்."

"இன்சூரன்ஸும் இல்லாம?"

"பெட்டியைக் கட்டு, ஜோலீன். சனிக்கிழமை கிளம்பணும்."

 ஜோலீன் உள்ளே போய் பீன்ஸ் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள், இன்னும் சூடாக இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் ஆடுகளை ஏற்றினார்கள். பெரிய கிடா ஏற மாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டது. ஜோலீன் கொம்பைப் பிடித்து இழுக்க, ஒடீலியா பின்னாலிருந்து தள்ளினாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அது. லியோனல் முன்சீட்டில் ஏறி மெஷினை மடியில் வைத்துக்கொண்டான். ஜோலீன் காரில் பின்னால் வந்தாள்.

"பம்பு?" என்று கேட்டான் லியோனல்.

"வெர்ன்கிட்டச் சொல்லிக் குடுத்தேன். பத்துத் தடவை இழுத்தாரு, கிளம்பல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கொட்டகையில போட்டுப் பூட்டிட்டேன்."

தண்ணீர்த் தொட்டி வளைவில் அவன் கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டான். "வீட்டை ஒரு தடவை பார்த்துக்கிறியா, மனா? நிறுத்து வேணும்னா."

ஒடீலியா கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடி முழுக்கப் பின்னால் கோத்திருந்த ஆட்டு வண்டிதான் இருந்தது. கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு ஆடுகள் நின்றன, அதைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை.

"ஜன்னலை ஏத்து. புகை வருது," என்று சொல்லிவிட்டு அவள் கியரை மாற்றினாள்.